பாதுகாப்பு: யாருக்கு?

(கடத்தூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

பருவநிலை மாற்றம், ராணுவக் கொள்கை இதெல்லாம் தில்லிக்காரன் பேசுற விசயம், கடத்தூர்ல உக்காந்து நமக்கு எதுக்குன்னு ஒரு தோழர் வரும்போதே கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான்.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு நம்ம மாவட்டத்துல என்ன அர்த்தம்னு வாச்சாத்திக்குத் தெரியும். 1992 ஜூன் 20. சந்தனமரத்தைக் காப்பாத்துறோம்னு சொல்லித்தான் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் வல்லுறவு செய்யப்பட்டார்கள். தண்டனை வர 2011 ஆயிற்று. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. ஆனால் தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று மத்திய அரசு ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கூட்டமே கிடையாது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்கான நெடுஞ்சாலை, ரயில்பாதை போன்றவற்றுக்கு வன அனுமதி வேண்டாம். மற்ற இடத்தில் பாதுகாப்புக் கட்டுமானம் என்றால் 10 ஹெக்டேர் வரை வேண்டாம். வாய்ப்பூட்டு எங்கே செய்யப்படுதுன்னு பாருங்க.

இமயமலையில் சார்தாம் சாலையை அகலமாக்க ராணுவத் தேவையைக் காரணம் காட்டினார்கள். 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் வீடுகள் பிளந்தன. ரோடு மட்டுமே காரணம்னு நான் சொல்லமாட்டேன். மலை தாங்குமான்னு கேட்டவனுக்கு, எல்லையில சீனாக்காரன் நிக்கிறான் என்பதே பதிலாக இருந்தது, அதைத்தான் சொல்றேன்.

புகைக் கணக்கிலும் இதே கதைதான். 1997 கியோட்டோவில் அமெரிக்கா அழுத்தம் கொடுத்து, வெளிநாட்டு ராணுவ நடவடிக்கைகளின் புகையைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. 2015 பாரீஸ் ஒப்பந்தத்திலும் ராணுவப் புகையைச் சொல்வது அவரவர் விருப்பம். உலகப் புகையில் ஏறக்குறைய 5.5 சதவீதம் ராணுவங்களுடையது என்று 2022-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அந்தப் புகைக்கும் சேர்த்து மழை பொய்க்கும்போது பொம்மிடியில் ரயில் ஏறுவது யார்? திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போற நம்ம சேரிப் பிள்ளைகள்தான்.

2018 பட்ஜெட்டில் ராணுவத் தளவாட உற்பத்திக்கு இரண்டு வழித்தடங்கள் அறிவித்தார்கள், ஒன்று தமிழ்நாட்டில். அதன் முனைகளில் ஓசூரும் சேலமும் உண்டு. நாம ரெண்டுக்கும் நடுவுல கிடக்கோம். அதே ஆண்டுதான் 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்னு சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கல் நட்டது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது.

அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனா எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேடையில் 'விவசாயி' என்று சொன்னபோது பட்டாக்காரரைத்தான் சொன்னார்கள். தென்னை போச்சு, கிணறு போச்சுன்னு கணக்கு வந்தது. அந்தத் தென்னைக்குத் தண்ணி கட்டியவள் எந்தக் கணக்கில் வந்தாள்? 2013 நிலமெடுப்புச் சட்டத்தில், மூன்று ஆண்டு முன்பிருந்தே அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். எழுத்தில் இருக்கு. நிரூபிக்க என்ன இருக்கு? கூலிக்கு ரசீது எந்தக் காட்டுக்காரன் கொடுத்தான்?

அதனால மாணவர் தோழர்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். அவங்கவங்க காலனியில வீடு வீடாப் போங்க. யார், எந்த நிலத்துல, எத்தனை வருசமா, என்ன வேலைன்னு எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்குங்க. அக்டோபர் 2 கிராமசபையில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். செயலாளர் நோட்டை மூடினால், மூடினார் என்பதையும் எழுதி கலெக்டருக்கு அனுப்புங்கள். நோட்டும் பேனாவும் கதவுகிட்ட வச்சிருக்கு, போகும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க.