கண்ணழற்சியும் காசநோயும்: எந்தச் சான்று போதும்?

இந்தக் கருத்தரங்கின் எல்லா அமர்வுகளும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: கிருமியைக் காணாமலே ஒரு கண்ணழற்சிக்குக் காசநோய்தான் காரணம் என்று எந்தத் துணிவில் முடிவு செய்கிறோம்? நுரையீரல் காசத்தில் சளி கிடைக்கிறது. கண்ணின் முன்னறையிலிருந்து ஊசியால் எடுக்கக்கூடிய நீரோ ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர், அதில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும், பலமுறை ஒன்றும் சிக்காது. வளர்ப்புச் சோதனை முடிவு வர வாரக்கணக்காகும்; அதற்குள் விழித்திரையின் நடுப்பகுதி தழும்பேறிவிடலாம். ஆகவே உறுதியான சான்றுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. மாண்டூ தோல் சோதனையில் ஊசி போட்ட இடம் தடித்துவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. கண்ணில் தெரியும் நோயின் வடிவம்தான் சோதனை முடிவுக்கு எடை தர வேண்டும்.

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு, 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொற்று இருப்பதாகக் காட்டியது. இப்படிப்பட்ட நாட்டில், எந்தக் காரணத்தால் கண் சிவந்து வந்தவருக்கும் மாண்டூ தடிக்கக்கூடும். பிசிஜி தடுப்பூசி மாண்டூவில் உண்டாக்கும் குழப்பத்தை இக்ரா ரத்தப் பரிசோதனை நீக்குகிறது. ஆனால் உறங்கும் தொற்றையும் விழித்த நோயையும் அதனாலும் பிரித்தறிய முடியாது. கண்ணோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஐரிஸ் லென்ஸோடு அகலமாக ஒட்டியிருப்பது, விழித்திரைச் சிரைகளைச் சுற்றி வெண்ணிற உறையும் அருகிலேயே நிறமேறிய கோராய்டுத் தழும்புகளும் தெரிவது, நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் ஊர்ந்து பரவும் கோராய்டு அழற்சி ஆகியவை காசநோய் உள்ளவர்களிடம் கூடுதலாகத் தென்படுவதை சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து உருவாக்கிய காட்ஸ் வழிகாட்டுதலும் இதே திசையில்தான் செல்கிறது: ஊர்ந்து பரவும் கோராய்டு அழற்சியில் ஒரு சோதனை நேர்மறையாக வந்தாலே சிகிச்சைக்கு வலுவான காரணம் உண்டு, முதல்முறை வந்த முன்கண் அழற்சியில் அதே முடிவுக்கு அந்த எடை கிடையாது.

கிருமியே இல்லாமல் சிகிச்சையா என்று நுண்ணுயிரியலார் கேட்பது நியாயம். ஐசோனியாசிட் ஈரலைத் தாக்கலாம். எத்தாம்புட்டால் பார்வை நரம்பையே கெடுக்கலாம். காக்க வந்த கண்ணுக்கே அந்த ஆபத்து என்பதால், மருந்தைத் தொடங்குமுன் பார்வைக் கூர்மையையும் நிறப்பார்வையையும் குறித்து வைத்தே ஆக வேண்டும். சிபிலிஸ், சார்க்காய்டோசிஸ் இரண்டையும் விலக்காமலும், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் தேவைப்படுவோருக்கு சிடி ஸ்கேன் எடுக்காமலும் தொடங்குவதை நானும் ஏற்கமாட்டேன். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பாரும் உண்டு. பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் 1880இல் விவரித்த, இளைஞர்களின் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும் நோயை எண்ணிப் பாருங்கள். அந்நோயாளிகளின் விழித்திரைமேல் படர்ந்த சவ்வுகளில் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைக் கண்டார்கள். ஆனால் டிஎன்ஏ கிடைத்ததால் உயிருள்ள கிருமி அங்கே இருக்கிறது என்று ஆகாது. கிருமிக்கு எதிராக உடல் காட்டும் மிகை எதிர்வினைதான் ஈல்ஸ் நோய் என்ற கருத்தும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

மருந்து கொடுத்துப் பார்ப்போம், குணமானால் காசநோய்தான் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. பெரும்பாலும் கூடவே ஸ்டீராய்டும் கொடுக்கிறோம். பல வகைக் கண்ணழற்சிகள் ஸ்டீராய்டுக்கே சில காலம் அடங்கும். ரிபாம்பிசின் ஸ்டீராய்டின் அளவை ரத்தத்தில் குறைப்பது ஒரு பக்கம். சரியான சிகிச்சையிலும் தொடக்க வாரங்களில் அழற்சி கூடிப் பின் தணிவது இன்னொரு பக்கம். ஆகவே குணமானது, குணமாகவில்லை என்ற இரண்டுமே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். ஸ்டீராய்டை நிறுத்தியபின்னும் நெடுநாள் நோய் திரும்பாதிருந்தால்தான் அந்தச் சான்றுக்கு மதிப்பு. இங்கே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு விவரத்தைக் கேட்கப்போகிறேன்: ஸ்டீராய்டை எந்த வாரம் தொடங்கினீர்கள், எந்த வாரம் நிறுத்தினீர்கள், அதன்பின் எத்தனை மாதம் அந்தக் கண்ணைப் பார்த்தீர்கள்?