கலிக்காமரும் வன்தொண்டரும்
(ஆடிச் சுவாதி குருபூசையின்போது ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



சுந்தரமூர்த்தி சுவாமிகளைத் தம்பிரான் தோழர் என்று போற்றுகின்றோம். சேரமான் பெருமாளோடு அவர் கொண்ட நட்பையும் அறிவோம். நான் இன்று பேச விரும்புவது, பகையாகத் தொடங்கிய வேறொரு நட்பைப் பற்றி.

சங்கிலியாரைச் சுந்தரர் மணந்த செய்தி கேட்டுப் பரவையார் ஊடினார். அவ்வூடலைத் தீர்க்க, சுந்தரர் இறைவனையே தூது அனுப்பினார். நள்ளிரவில், திருவாரூர் வீதியில், இருமுறை நடந்தார் பெருமான்! இதனைக் கேள்வியுற்ற ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். ஆண்டவனை ஏவல் கொள்பவனும் ஓர் அடியவனா என்பது அவர் சினம். (நாம் அக்காலத்தில் இருந்திருந்தால் நாமும் அவர் பக்கமே நின்றிருப்போம்.)

சுந்தரர் மறுத்துச் சினக்கவில்லை. அச்சினத்தின் வேர் இறையன்பே என்பதை உணர்ந்து, தம் பிழையை இறைவனிடமே முறையிட்டார். கலிக்காமருக்கோ அவ்வுணர்வு வரவில்லை. இருவரையும் கூட்டுவிக்கத் திருவுளங்கொண்ட பெருமான் அவருக்குச் சூலைநோய் தந்து, வன்தொண்டனே தீர்ப்பான் என்றருளியபோதும், அவனால் தீர்வதினும் சாவதே மேல் என்று உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து கண்ட சுந்தரர் தாமும் உயிர்விட வாளைப் பற்றினார். இறையருளால் எழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பிடித்துத் தடுத்தார். சேக்கிழார் காட்டும் அக்காட்சியில், இருவரும் அன்றே ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிந்தனர், தழுவிக்கொண்டனர், திருப்புன்கூருக்குச் சேர்ந்தே சென்று வழிபட்டனர்.

முப்பதாண்டு பழகிய நம் நிலை என்ன? என் கதையையே சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா அன்னதானக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஆரம்பத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த நண்பர், பொதுக்கூட்டத்தில் எழுந்து, பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும் என்றார். அலுவலகத்தில் அன்றாடம் பிறர் கணக்கைச் சரிபார்ப்பவன் நான். என்னையா ஐயுறுவது என்று மனம் குமுறினேன். காட்டினேன், ஒரு காசும் குறையவில்லை. ஈராண்டுகள் அவரோடு பேசவில்லை.

அவர் தாயார் மறைந்தபோது சென்றிருந்தேன். அங்கேதான் மற்றொருவர் வாயிலாக உண்மை தெரிந்தது. என்னைப் பற்றிச் சிலர் தகாத பேச்சுப் பேசி வந்தனராம். சபையறியக் கணக்குத் தெளிந்தால் அவ்வாய்கள் அடங்கும் என்றே அவர் எழுந்திருக்கின்றார்.

"முன்னதாகவே என்னிடம் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் நீ பற்றுச்சீட்டைக் காட்டியிருக்கமாட்டாய். கோபித்துக்கொண்டு பொறுப்பையே உதறியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இவ்வாண்டு அன்னதானக் கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகின்றோம். பற்றுச்சீட்டுகளை அவர் கேட்குமுன் நானே எடுத்து வைத்துவிடுகின்றேன்.