சொத்தை இல்லை, பல் மட்டும் ஆடுகிறது

டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குப் பல் சொத்தை குறைவுதான். அதனால் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். ஒருநாள் பார்த்தால் கீழ்வரிசை முன்பல் ஆடும். ஈறு நோய்! இளம் வயதிலேயே வந்துவிடும்.

"ஒழுங்காப் பல் தேய்க்கிறதில்லை" என்று திட்டுவது நியாயமில்லைங்க. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, அதாவது 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறவர்களுக்கு, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாக வேலை செய்கின்றன. பலருக்குப் பல்லின் வேரும் குட்டை.

சிகிச்சைக்குப் பலன் உண்டு. ஈறுக்கு அடியில் படிந்த காரையைப் பல் டாக்டர் சுரண்டி எடுப்பார். ஆனால் ஒரு தடவையோடு நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தை வாய் கொப்பளிக்கக் கொடுத்தால் சிலர் கொப்பளிக்கத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு டாக்டரைக் கேட்டு, அதே மருந்தை ஜெல்லாக ஈறில் தடவலாம். இந்த மருந்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம். பயப்பட வேண்டாம், பல் டாக்டர் சுத்தம் செய்யும்போது போய்விடும்.

வீட்டில் நீங்கள் பல் தேய்த்துவிடுவதானால், டவுன் சிண்ட்ரோம் உள்ளவரைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, பின்னால் நின்று, ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். பிரஷ் ஈறும் பல்லும் சேருமிடத்தில் சாய்வாகப் படட்டும்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: இதயக் கோளாறு இருந்தால் சிலருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருந்தால், நாற்காலியில் தலையை ரொம்பப் பின்னால் சாய்க்கக் கூடாது.