வல்லாரையும் பரீட்சையும்
(தெள்ளாரில் பேசியது)

2020-ல் கொரோனாவால் வாசனை அறியும் சக்தியை இழந்தவர்கள் அநேகர். சோறு தீய்ந்தாலும் தெரியாது. இது கர்மவினையா? தறியில் நூல் அறுந்தால் நூலைப் பார்க்கிறோமா, தலைவிதியைப் பார்க்கிறோமா? மூக்கினுள் வாசனை நரம்புக்குத் துணையான அணுக்களைக் கிருமி கெடுத்ததே காரணம்.

ஜெர்மனியில் ஹம்மல் என்பவர், வாசனை இழந்தவர்களை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் வாசனைகளைத் தினம் இருவேளை, 12 வாரம் முகரச் செய்தார், சிலருக்குத் தேறியது. 2009-ல் அதை வெளியிட்டார்.

ஞாபகத்துக்கு நாம் வல்லாரை என்கிறோம். ஜப்பானியர் வேறு கஷாயம் காய்ச்சுகிறார்கள். சித்தர் சொன்னாலும் ஜப்பான்காரன் சொன்னாலும் பரீட்சை ஒன்றுதான். வல்லாரைச் சோதனைகளைத் திரட்டி 2017-ல் ஆராய்ந்தபோது, ஞாபகம் வளர்ந்ததற்குத் தக்க ருஜு கிடைக்கவில்லை. கீரையாகத் தின்னுங்கள், தடையில்லை. ஆனால் முதியவருக்கு வாசனையும் ஞாபகமும் சேர்ந்து குறைந்தால், அது மூளை நோயின் அறிகுறியாயிருக்கலாம். லேகியக்காரனிடம் காலத்தைப் போக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!