சொட்டும் டீசல், சூடேறும் இன்ஜின்: பழைய வண்டி வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இருபது வருடமாக ஒரே டீசல் எஸ்யூவியை வைத்திருக்கிறேன். அதில் நான் செய்த இரண்டு பெரிய தவறுகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்களாவது அதைச் செய்யாமல் இருக்கலாம்.

முதல் தவறு உங்களில் சிலருக்குத் தெரியும். போன கார்த்திகை தீபத்தன்று, மலையில் தீபம் ஏறியதும் ஏற்றுவதற்காக, நம் பிள்ளைகள் வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரமாக அகல் விளக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு டீச்சரம்மா வந்து, "சார், இங்க மண்ணெண்ணெய் மாதிரி வாசம் அடிக்குதே" என்றார். என் வண்டிக்கு அடியில் ஒரு அட்டை கிடந்தது. இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த டீசலுக்காக நானே போட்டு வைத்த அட்டை. தரை அழுக்காகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த அட்டையிலிருந்து நான்கடி தூரத்தில் முதல் அகல் இருந்தது.

டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்று நாம் அசட்டையாக இருக்கிறோம். அகலைப் பாருங்கள். எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துபோகும். திரியை வைத்தால் விடிய விடிய எரியும். டீசல் ஊறிய அட்டையும் கந்தல் துணியும் திரிதான். இன்னொன்று: டீசலின் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்றுதான் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் ஊர் சித்திரை வைகாசி வெயில் 35ஐச் சாதாரணமாகத் தாண்டும். பெட்ரோல் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வாசம் வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெளியே நிறுத்துங்கள்.

ரப்பருக்கும் வயதாகும்

நம் குடியிருப்பில் நிற்கும் பழைய வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். சுமோ 1994இல் வந்த வண்டி. பொலிரோவும் குவாலிஸும் 2000இல் வந்தன. ஸ்கார்பியோ 2002. இன்றும் ஓடுகின்றன என்றால் அவற்றின் இரும்பு நல்ல இரும்பு. ஆனால் இரும்போடு சேர்ந்து ரப்பர் ஹோஸ், வாஷர், ஓரிங், கிளிப் எல்லாம் இருக்கின்றன. அவை பத்து வருடத்தில் கெட்டிப்பட்டு வெடிக்கும். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம் அல்லவா? அப்போதே ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்பது என் யோசனை.

முதல் கேள்வி: சொட்டுவது என்ன?

வண்டிக்கு அடியில் ஈரம் பார்த்ததும் பதற வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை இரவு விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். நிறமும் வாசமும் இல்லாத தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், கவலையில்லை. கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் கூலன்ட். டீசல் வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் காயாது, வாசம் காட்டிக்கொடுக்கும். சக்கரத்தின் உட்பக்கம் வழுக்கலான ஈரம் என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாயும் பூனையும் நக்கிவிட்டுச் சாகும். அதனால் கூலன்ட் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கிருந்து, எப்போது?

இங்கேதான் நான் ஏமாந்தேன். என் வண்டியில் டீசல் சொட்டியது ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, சேஸிஸ் ஓரத்தில். அங்கே இருந்த பைப்பை மாற்றினேன். நிற்கவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினேன், வாஷர் மாற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் அட்டை போட ஆரம்பித்தேன்.

வங்கியில் கேஷ் குறைந்தால் அது மாலையில் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். ஆனால் தவறு நடந்தது காலை பதினோரு மணிக் கூட்டத்தில் இருக்கும். மாலை நேர வவுச்சரை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. டீசலும் அப்படித்தான். மேலே கசிந்து, இன்ஜின் ஓரமாக வழிந்து, சேஸிஸ் வழியே ஓடி, பள்ளமான இடத்தில் சொட்டும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இன்ஜின் ஆறிய பின் சந்தேகப்படும் இடம் முழுவதையும் துடைத்துக் காய வையுங்கள். சாக்பீஸ் தூளையோ முகப் பவுடரையோ மெல்லத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களிலேயே எது உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஒட்டி மேலே இருப்பதுதான் குற்றவாளி. எனக்கு அது இன்ஜெக்டர் தலையிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வெடித்திருந்தது. அதற்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள். அதற்கு முன் தேவையில்லாமல் மாற்றியவற்றின் செலவைச் சொல்ல மாட்டேன், வீட்டம்மா முன்வரிசையில் இருக்கிறார்.

எப்போது சொட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். நின்றிருக்கும்போதே பின்பக்கம் சொட்டினால் டேங்க் அல்லது அதன் ஹோஸ். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் சொட்டினால் டேங்கின் மேல்பகுதி. இன்ஜின் ஓடும்போது மட்டும் முன்பக்கம் நனைந்தால் பம்ப், இன்ஜெக்டர் பக்கம்.

சில கசிவு சொட்டவே சொட்டாது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அடித்தால் ஆகும், மறுநாளும் அதே கதை. "பேட்டரி வீக்" என்று புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். ஏர் எடுக்கிறது. ஃபில்டருக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்பில் அழுத்தம் மிக அதிகம். காமன் ரெயில் வண்டிகளில் 1000 பாருக்கு மேல். இன்ஜின் ஓடும்போது அங்கே விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலே போய்விடலாம். அப்படி நேர்ந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தவறு: ஜவ்வாது மலையில்

இன்னொரு தவறு இதற்கும் முந்தியது. ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை. யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினேன். பழைய டிரைவர்களின் கைவைத்தியம். பொய் சொல்லக்கூடாது, ஒழுகல் நின்றது. குறைந்த தண்ணீருக்குப் போர் தண்ணீரையே ஊற்றினேன். நம் போர் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மே மாதம் குடும்பத்தோடு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினோம். ஏசி ஓடியது. பாதி மலையில் சூடு காட்டும் முள் மேலே போனது. "ஏறினதும் சரியாகிவிடும்" என்று மிதித்தேன். அடுத்த வளைவில் முள் சட்டென்று கீழே இறங்கியது. மகிழ்ந்துபோனேன். அது மகிழ வேண்டிய விஷயமில்லை. தண்ணீர் வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொட ஒன்றுமில்லாமல் முள் இறங்கும். ஒரு கிலோமீட்டரில் ஆவி கிளம்பியது.

நிறுத்தினேன். செய்யக்கூடாத அடுத்த காரியத்தையும் செய்தேன். துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடியில் 13 என்று பி.எஸ்.ஐ. அளவு போட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை பொறுத்திருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், மிச்சமிருப்பது ஒரே நொடியில் கொதித்துப் பீச்சும். முழங்கை வரை வெந்தது. தழும்பு இதோ இருக்கிறது. என் பேத்தி "தாத்தா, நான் பாக்குறேன்" என்று பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அது அவள் முகம். இன்றைக்கும் தூக்கத்தில் அது எனக்கு வரும்.

பிறகு கழற்றிப் பார்த்ததில் ரேடியேட்டர் குழாய்களில் பாதி மஞ்சளும் உப்பும் அடைத்திருந்தன. சூட்டில் ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது. ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல் செலவு. ஊசிமுனை ஓட்டையை அன்றே பற்றவைத்திருந்தால் முடிந்திருக்கும்.

எப்போது சூடேறுகிறது?

சூட்டுக்கும் இதே கேள்விதான். நம் ஊரில் இதற்கு இரண்டு பரீட்சைக் கூடங்கள் இருக்கின்றன.

ஒன்று பௌர்ணமிக் கூட்டம். வேலூர் சாலையிலோ செங்கம் சாலையிலோ ஊர்ந்து வரும்போது மட்டும் சூடேறி, வெளியே போய் வேகமெடுத்ததும் இறங்கினால் குறை காற்றில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், விஸ்கஸ் ஃபேன் வழுக்கலாம், மின்சார ஃபேன் என்றால் ரிலேயோ சுவிட்சோ போயிருக்கலாம்.

இரண்டாவது மலை ஏற்றம். ஊருக்குள் சரியாக இருந்து, ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் தேய்மானம், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், பாதியில் சிக்கிய தெர்மோஸ்டாட். ரேடியேட்டர் முன்னால் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

கிளம்பிய சில நிமிடத்திலேயே சூடேறி, மேல் ஹோஸ் மட்டும் கொதித்து ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. சுமார் 82 டிகிரியில் திறக்க வேண்டியது அது. அதைக் கழற்றி எறிந்துவிடச் சொல்வார்கள். எறியாதீர்கள், புதிது போடுங்கள்.

எங்கும் சொட்டாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால் இரண்டு சந்தேகம். முதலில் மூடியின் ரப்பர், அது மலிவு. அடுத்தது ஹெட் கேஸ்கெட். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும், வெள்ளைப் புகை வரும், ஆயில் காபி நிறத்துக்கு மாறும். அப்படியென்றால் ஓட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டரில் கைப்பம்பு வைத்துக் காற்றடித்தால் ஒளிந்திருக்கும் ஒழுகல் வெளியே வரும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திருப்புங்கள், வியர்த்தாலும் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஆவி வந்தாலோ முள் சட்டென்று விழுந்தாலோ ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று, சூடில்லாமல் இருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பின் கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள்.

ஒரு நோட்டு, ஒரு வாளி

முடித்துவிடுகிறேன். வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய கூலன்ட். நான்கே பத்தி. மைலேஜ் காரணமின்றி இறங்கினாலோ கூலன்ட் மாதாமாதம் கேட்டாலோ நோட்டு முதலில் சொல்லும். மெக்கானிக்கிடம் "சூடாகுது" என்று மட்டும் சொல்லாமல், "கூட்டத்தில் மட்டும் சூடாகிறது" என்று சொன்னால் அவர் பாதி வேலை முடிந்தது.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வாளி மணலும் ஒரு பவுடர் தீயணைப்பானும் வேண்டும். கார்த்திகை அகல்களை வாசல் திண்ணையோடு வைத்துக்கொண்டு, வண்டிப் பக்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட வேண்டும். அப்படியும் தீ பிடித்தால் 112ஐ அழையுங்கள்.

என் வண்டிக்கு அடியில் இப்போது அட்டை இல்லை. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.