வாசலில் தொடங்கும் சிகிச்சை



சிறுவர் மருத்துவத்தில் இன்று எத்தனை பிரிவுகள்! இருதயம், சிறுநீரகம், நரம்பியல், பச்சிளங் குழந்தை, தீவிர சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர்கள். மருத்துவபீடத்தில் 5 ஆண்டுகள், உள்ளகப் பயிற்சி ஓராண்டு, பிறகு பட்டப்பின் படிப்பும் பரீட்சைகளும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி. மருத்துவத்துக்கு ஆசைப்படும் எங்கள் மாணவிகள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே இறங்கட்டும். பயந்து விலக வேண்டாம்.

ஆனால் நள்ளிரவில் வலிப்புடன் தூக்கிவரப்படும் பிள்ளையை முதலில் தொடுபவர் நரம்பியல் நிபுணர் அல்லர். பொரளை லேடி ரிட்ஜ்வே போலச் சிறுவருக்கென்றே ஒரு வைத்தியசாலை எல்லா ஊரிலும் இல்லை. போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் வைத்தியரும் தாதியுமே மூச்சைக் கவனித்து, ஒட்சிசன் கொடுத்து, இரத்தத்தில் சீனி அளவைப் பார்க்கிறார்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுக்கவேண்டும். எவ்வளவு? பெரியவருக்குரியதில் பாதி என்ற கணக்கு உதவாது. பிள்ளையின் நிறைக்கே மருந்து. நிறுக்க நேரமில்லையென்றால் வயதோடு 4 ஐக் கூட்டி 2 ஆல் பெருக்குவோம். 5 வயதுப் பிள்ளை ஏறத்தாழ 18 கிலோ. அந்தக் கைகளுக்குப் பழக்கம் இல்லாவிட்டால் மேல்மாடியில் எத்தனை நிபுணர் இருந்தென்ன?

ஆகவே, விசேட பயிற்சி பெற்றவரின் வேலை தன் விடுதியோடு முடிவதில்லை என்பதே என் கருத்து. அவர் அடிக்கடி கீழே இறங்கிவந்து, பொம்மையை வைத்தேனும் அங்குள்ளவர்களைப் பழக்கவேண்டும். தாதியரையும் சேர்த்துத்தான். பிள்ளையின் முகம் மாறுவதைப் பல வேளைகளில் எங்களுக்கு முன்பே காண்பவர்கள் அவர்கள்!

இனி வீட்டுக்கு வருவோம். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள்; வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்தால் கையில் திறப்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்திவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். எத்தனை நிமிடம் வலித்தது என்பதைத்தான் வாசலில் நிற்கும் வைத்தியர் முதலில் கேட்பார். பிள்ளைக்குக் கொடுத்த மருந்துப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.