கணக்கு நோட்டில் ஒரு ஓவியம்



மாணவர் வரையும் ஓவியம் பொழுதுபோக்கா, வாழ்க்கைப் பாடமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஓவியம் சோறு போடுமா? அந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டால் மார்க்காவது வரும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கையை அப்படியே வைத்திருங்கள், எனக்கும் வேணும்! (சிரிப்பு)

நம்ம பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஏங்கண்ணு, ஒரு படம் வரை" என்று சொல்லுங்கள். என்ன வரையும்? முக்கோணமாக ரெண்டு மலை. நடுவிலே பாதிச் சூரியன். கீழே ஒரு ஆறு. ஏனுங்க, கிணத்துக்கடவில் மலை இல்லையா? பொன்மலை இருக்கிறது. மேலே வேலாயுதசாமி இருக்கிறார். அந்த மலை படத்தில் வராது. தென்னந்தோப்பு வராது, தக்காளிக் கூடை வராது. "பார்த்து வரை" என்றால் புத்தகத்தைப் பார்த்து வரைவது என்று பழக்கிவிட்டோம்!

சரி, "உன் குடும்பத்தை வரை" என்று சொல்லிப் பாருங்கள். அம்மா அடுப்படியில் நிற்பாள். பாட்டி திண்ணையில் இருப்பாள். அப்பா? ஓரத்தில், வண்டியில் போகிற முதுகு மட்டும் தெரியும். அந்தப் பிள்ளை படம் வரையவில்லை ஐயா, அப்பாவுக்கு மனு எழுதியிருக்கிறது! (கைதட்டல்) எந்தப் பரீட்சைத் தாளில் இதைப் படிக்க முடியும்?

கணக்கா, ஓவியமா என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தார். எங்கே? நம்ம கோயம்புத்தூரில்! குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர், 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அங்கேயே முதல்வரானார். மேல்நாட்டுக்காரர் மாதிரியே வரைந்துகொண்டிருந்தால் நம் அடையாளம் எது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அவருக்கு வழி எங்கே கிடைத்தது தெரியுமா? 1963இல், ஒரு மாணவருடைய கணக்கு நோட்டில்! எண்கள், எழுத்துகள், வடிவக் கோடுகள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை பிறந்தது. ஜாதகக் கட்டம் மாதிரி நம் வீட்டில் கிடந்ததெல்லாம் ஓவியமாயிற்று.

கணக்கு நோட்டில் ஓவியத்தைக் கண்டார் அவர். நாம் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கிறோம். அந்தக் கடன் திரும்பி வந்ததே இல்லை! (சிரிப்பு)

சோறு போடுமா? அவரும் அவருடைய மாணவர்களும் துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். சேர்ந்த காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உண்டானது. சோறும் போட்டது, குடியிருக்க இடமும் கொடுத்தது!

எல்லாப் பிள்ளையும் பணிக்கராக வேண்டாமுங்க. டாக்டராகட்டும், தறி ஓட்டட்டும், தோப்பைப் பார்க்கட்டும். ஆனால் தன் மலையைத் தன் கண்ணால் பார்த்து வரைந்த பிள்ளை, எந்தச் சீமைக்குப் போனாலும் "நான் யார்" என்று தடுமாறாது. ஆகவே நடுவர் அவர்களே, மாணவர் ஓவியம் வாழ்க்கைப் பாடமே என்று தீர்ப்பு வழங்குங்கள். தாய்மார்களே, நீங்கள் இன்றைக்கு ராத்திரி பிள்ளையின் நோட்டுக் கடைசிப் பக்கத்தைத் திட்டாமல் பாருங்கள். (பலத்த கைதட்டல்)